கெட்ட மந்திரிக்குக் கூவடித்த கதை

1

என் கணவரின் அக்கா எங்கள் ஊர் கொக்குவிலிலிருந்து எழுதியிருந்தார். சுகம் விசாரித்து, மழை பெய்ததைச் சொல்லி, கிணறு இறைத்த கூலியைத் திட்டி முடித்த பிறகு, கடிதத்தின் கடைசி மூலையில் நெருக்கி ஒரு வரி: "தம்பியைச் சபையில வைச்சு வெள்ளைக்காரர் கூவடிச்சவையாம் எண்டு இஞ்சை கதை உலாவுது. உண்மையோ? இதுக்கோ அவ்வளவு தூரம் போனனீங்கள்?"

உண்மைதான் மச்சாள். கூவடித்தார்கள். மண்டபம் நிறைந்த சனம், கைக்குழந்தை முதல் கைத்தடிக்காரர் வரை, உங்கள் தம்பியைப் பார்த்துக் கூவென்று கத்தினார்கள். ஆனால் அப்படிக் கத்த மாட்டார்களா என்று நாங்கள் ஒரு கிழமை முழுக்கச் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்ததைக் கதை காவி வந்தவர் சொல்லியிருக்க மாட்டார். அரைக் கதை காவுகிறவர்களுக்கு எங்கள் ஆட்களில் ஒருநாளும் பஞ்சமில்லை. மற்ற அரையை நானே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதினால் அது கொக்குவிலைத் தாண்டாது என்பதால் பத்திரிகைக்கே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

2

நாங்கள் இருப்பது சிட்னியில், லிட்கம் என்ற இடத்தில். எங்கள் நிறத்துக்காரருக்கு இந்த நாடு கதவைத் திறந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது. எங்கள் வீதியில் நாங்கள் ஒரு குடும்பம்தான் தமிழ். அடுத்த தமிழ்க் குடும்பத்தைப் பார்க்க ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு ரயில் ஏற வேண்டும். அங்கேதான் டாக்டர் பரம் அண்ணை இருக்கிறார். தீபாவளியோ திவசமோ, இங்குள்ள ஏழெட்டுக் குடும்பமும் அவர் வீட்டில்தான் கூடும்.

இவர், அதாவது என் கணவர் சிவநாதன், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிறார். எழுதும்போது அவர் பெயர் வருகிறது, வாயால் நான் இதுவரை சொன்னதில்லை. நான் ஊரில் ஆசிரியை. இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். என் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "லவ்லி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் அழகாக அடுக்கித் திருப்பித் தந்தாள். இந்த ஊரில் யாராவது எங்களைப் பார்த்து "லவ்லி" என்றால் நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவேன். அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்காது. திட்டவும் மாட்டார்கள், உள்ளே விடவும் மாட்டார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு பெரில் ஒரு விதிவிலக்கு. எங்கள் வீதியில் முதலில் கலர் டிவி வாங்கியவள், முதலில் எங்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டியவளும் அவள்தான். அவள் வருடாவருடம் நத்தார்ப் பண்டிகையை, அதாவது கிறிஸ்துமஸை, ஒட்டித் தேவாலய மண்டபத்தில் ஒரு நாடகம் போடுவாள். பான்டோமைம் என்று பெயர். பெயரைக் கேட்டு ஊமைக்கூத்து என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். காது கிழியும். ராசா, ராசகுமாரி, பூதம் என்று பிள்ளைகளுக்கான கதைதான். ஆனால் கிழவி வேசத்தை மீசைக்கார ஆம்பிளை கட்டுவான். ராசகுமாரன் வேசத்தை ஒரு பெண் காற்சட்டை போட்டுக்கொண்டு கட்டுவாள். சபை சும்மா இருக்கக் கூடாது. நல்லவன் வந்தால் கைதட்ட வேண்டும், கெட்டவன் வந்தால் 'பூ' என்று நீட்டிக் கத்த வேண்டும். அவன் பதுங்கி வந்தால் "உனக்குப் பின்னால், உனக்குப் பின்னால்" என்று எச்சரிக்க வேண்டும். எவ்வளவு கத்துகிறார்களோ அவ்வளவுக்குக் கெட்டவனுக்குப் பெருமை.

இந்த முறை கதை, ஒரு ராசகுமாரியின் சிரிப்பைக் களவெடுத்து ஊறுகாய்ச் சாடியில் அடைத்துவைக்கும் மந்திரியைப் பற்றியது. மந்திரி வேசம் கட்டவேண்டியவர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இவர் கல்லூரியில் நாடகம் நடித்தவர் என்று நான்தான் ஒருநாள் வாய் தவறி பெரிலிடம் சொல்லியிருந்தேன். அவள் நேரே குசினிக்குள் அடுப்படி வரை வந்து, அந்த வேசத்தை இவர்தான் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

அவள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு வெள்ளையருக்குள்ள கறுத்த மனுசன் ஒராள், அவருக்குக் கள்ளன்ர வேசமோ?" என்று கேட்டேன்.

"கதாநாயகன் வேசத்தைப் பெட்டைக்குக் குடுத்திட்டினம். கிழவி வேசத்தை இறைச்சிக்கடைக்காரன் விடுறானில்லை. மிஞ்சினது இதுதான்" என்றார் இவர். அவர் கண்ணைப் பார்த்தேன். கந்தோருக்குப் போய்வரத் தொடங்கிய நாள் முதல் அந்தக் கண்ணில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மகள் சுமதி மூடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'சூ'. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். "டாட், ப்ளீஸ். எவ்ரிபடி வில் பி தேர்" என்றாள்.

"அதுக்குத்தானே பிள்ளை நாடகம் போடுறது" என்றார்.

"தட்ஸ் வாட் ஐ மீன்" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு மாதம் எங்கள் வீட்டில் மந்திரியின் ஆட்சிதான். வெங்காயம் வெட்டும்போதும் ஒரு கொடூரச் சிரிப்பு, இஸ்திரிப் பெட்டியால் சட்டை மினுக்கும்போதும் ஒரு கொடூரச் சிரிப்பு. தபால்காரன் ஒருநாள் வாசலில் நின்று, எல்லாம் சரிதானா என்று கேட்டான். சரிதான் என்றேன், வேறென்ன சொல்ல.

3

நாடகத்துக்கு மொத்தம் இரண்டு காட்சி, ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் ஒன்றும் அடுத்த சனிக்கிழமைப் பின்னேரம் ஒன்றும். இங்கே டிசம்பர் கோடைகாலம், வெயிலில் தகரக் கூரை கொதித்தது. பிள்ளைகளின் கையில் இனிப்புப் பை. முதல் காட்சிக்கு நானும் சுமதியும் மட்டும் போனோம். அவள் என் பக்கத்தில் இருக்காமல் பள்ளிக்கூடச் சினேகிதி கேரனோடு முன்னுக்குப் போய் இருந்துகொண்டாள்.

பியானோக்காரர் எழும்பி, எப்படிக் கத்த வேண்டும் என்று சபைக்குப் பழக்கினார். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். திரை விலகியது. மந்திரியின் கையாளாக வந்தவன் எங்கள் தபால்காரன். அவனுக்குப் 'பூ' என்று அப்படி ஒரு சத்தம். அவன் பல்லை இளித்து வாங்கிக்கொண்டான்.

பிறகு இவர் வந்தார். கறுப்பு அங்கி, பச்சைத் தலைப்பாகை, நுனி முறுக்கிய மீசை. நடு மேடைக்கு வந்து நின்று, இரண்டு மாதம் குசினியில் காய்ச்சி எடுத்த அந்தச் சிரிப்பைச் சிரித்தார். எனக்கே முதுகு சில்லிட்டது.

சபை கப்சிப் என்று ஆகிவிட்டது.

ஒரு பிள்ளை 'பூ' என்று தொடங்கியது. எனக்கு முன்வரிசையில் இருந்த தாய், தொப்பி போட்ட பெண், சட்டென்று அதன் வாயைக் கையால் பொத்தினாள். பொத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தாள். அங்கங்கே இன்னும் சில கைகள் இன்னும் சில வாய்களைப் பொத்தின. எங்கேயோ பின்னுக்கிருந்து ஒருவர் மெல்லக் கைதட்டத் தொடங்க, சபை முழுக்க மரியாதையாகக் கைதட்டியது. கெட்ட மந்திரிக்குக் கைதட்டல்.

இவர் திகைத்ததை நான் கண்டேன். இன்னும் உரக்கப் பேசினார். கத்தியை உருவினார். ராசகுமாரியைத் தள்ளிவிட்டார். சபை இன்னும் மரியாதையானது. ராசகுமாரியின் முதுகுக்குப் பின்னால் அவர் பதுங்கி வந்தபோது "உனக்குப் பின்னால்" என்று சொல்ல ஒரு நாதி இல்லை. வந்திருக்கும் அந்நியரைக் காட்டிக்கொடுப்பது பண்பில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் அவர் கால் எடுத்துவைத்த விதத்தைப் பார்க்க, கந்தோரால் களைத்து வரும் மனுசன்போலவே இருந்தது.

முடிந்தபிறகு வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். "ஹவ் பிரேவ் ஆஃப் யூ." "யுவர் இங்லிஷ் இஸ் லவ்லி." அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகக் கைப்பையைத் தேடியது.

வீட்டுக்கு வந்து மீசையைக்கூடப் பிடுங்காமல் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அது ஆறியது.

"இஞ்சாருங்கோ, அவை மரியாதை தந்தவை. அதுக்கு ஏன் இப்பிடி இருக்கிறியள்?" என்றேன்.

"மரியாதை ஆருக்குக் குடுக்கிறது? விருந்தாளிக்குக் குடுக்கிறது. தபால்காரனைக் கூவடிச்சினம். ஏனெண்டால் அவன் அவையின்ர ஆள். என்னைக் கூவடிக்க அவைக்குப் பயம். நான் இன்னும் வாசலிலதான் நிக்கிறன்" என்றார்.

ஊரில் கல்லூரி நாடகத்தில் இதே மனுசன் ராணி வேசம் கட்டியபோது, பின்வரிசை வாங்குகளில் இருந்த பெடியள் கூவடித்துக் கூவடித்து அவரை அழ வைத்தார்களாம். அடுத்த நாளே அவர்களோடு கிரிக்கெட் விளையாடினாராம். அது எங்கள் ஊர், எங்கள் பெடியள், எங்கள் கூ. இங்கே அவரைப் புண்படுத்தக்கூட ஒருவரும் இல்லை. இதைச் சொன்னால் ஊரில் ஆருக்கு விளங்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் சந்தேகம்தான்.

4

புதன்கிழமை, தபால் பெட்டியில் இலவசமாகப் போடுகிற பேட்டைப் பத்திரிகை வந்தது. அதில் நாடகம், பூந்தோட்டப் போட்டி, கேக் போட்டி எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் நல்ல பெயர் எடுப்பது லேசில்லை என்று பெரில் சொல்லியிருந்தாள். கிழவி வேசத்துக்கு முழங்கால் ஆடுகிறது என்று எழுதியிருந்தார். ராசகுமாரிக்கு மூக்கால் பாட்டு வருகிறதாம். தபால்காரனைப் பற்றி, தபாலைப்போலவே வசனமும் பிந்தி வந்தது என்று ஒரு குத்து. கடைசியில், சிவநாதனை நேதனாகக் குறுக்கி, இவரைப் பற்றி: நம் கரைக்குப் புதிதாக வந்திருக்கும் திரு. நேதன், மந்திரி பாத்திரத்துக்கு அமைதியான கண்ணியத்தைக் கொடுத்தார்.

எல்லாரையும் வறுத்தெடுத்து எங்கள் ஆளை மட்டும் புகழ்ந்திருக்கிறார் என்று நான் குதித்தேன். பத்திரிகையை வெட்டி எடுத்து, பரம் அண்ணைக்குத் தொலைபேசியில் வாசித்தும் காட்டிவிட்டேன். அவர் வாழ்த்துச் சொன்னார். பின்னேரம் இவர் வந்து வாசித்தார்.

"சிரிப்பைக் களவெடுக்கிற கள்ளனுக்கு என்ன கண்ணியம்?" என்றார். "தபால்காரனுக்குக் குத்து விழுந்திருக்கு பாத்தீரோ. குடுத்துவைச்சவன்."

அடுத்த நாள் பெரில் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்தாள். தட்டை வைத்தவள் போகாமல் நின்றாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. சனம் உங்களைக் கூவடிக்க வெட்கப்படுகிறது, கெட்டவன் இல்லாமல் என் நாடகம் நொண்டுகிறது என்றாள். வருகிற சனிக்கிழமை தபால்காரன் மந்திரியாக நடிக்கட்டும், நீங்கள் ராசாவாக வாருங்கள், ராசா சும்மா இருந்தால் போதும், உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றாள்.

சிங்காசனத்தில் சும்மா இருக்கிற ராசா. இவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு, கந்தோரில்கூட ஒருவரிடமும் ஒன்றும் கேட்டு வாங்காத மனுசன், "இன்னும் ஒருதரம் மந்திரியாக வர விடுங்கள்" என்று கேட்டார். பெரில் என்னைப் பார்த்தாள். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன். சரி, ஆனால் முதலில் மேடைக்கு வரும்போதே கூ விழாவிட்டால் இடைவேளையில் வேசத்தை மாற்றிவிடுவேன் என்றாள். அவள் பேச்சு அப்படி. அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

5

அந்தச் சனிக்கிழமை நான் எங்கள் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். பத்திரிகையில் பெயர் வந்த பிறகு கூப்பிடாமல் இருக்க முடியுமா. கலியாண வீட்டுக்கு வருவதுபோலக் காஞ்சிபுரச் சேலையும் கோட்டும் சூட்டுமாக வந்து இரண்டு வரிசையை நிரப்பினார்கள். பரம் அண்ணையின் மனைவி ஒரு பிஸ்கட் டின் நிறையக் கட்லட் கொண்டுவந்தார். பெரில் வைத்த நிபந்தனையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? புருசனைக் கூவடிக்க வாருங்கோ என்றா?

இவர் வந்தார். சிரித்தார். சபை கப்சிப். தொப்பி போட்ட அதே பெண் இந்த முறையும் வந்திருந்தாள், வேறொரு பிள்ளையோடு. அவளுடைய கை மெல்ல மேலே போனது. எங்கள் இரண்டு வரிசையும் பெருமை பொங்க நிமிர்ந்து இருந்தது. பரம் அண்ணை கைதட்டுவதற்கு இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

மேடை ஓரத்துத் திரைக்குள் பெரிலின் தலை தெரிந்தது. பக்கத்தில் ராசாவின் கிரீடத்தோடு தபால்காரன்.

நான் எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று கேட்காதீர்கள், கால் எழும்பியது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கழுத்தில் தாலி கட்டிய மனுசனைப் பார்த்து, "கூ..." என்றேன். முதலில் பூனைக்குட்டிபோலத்தான் வந்தது. மூச்சை இழுத்து இன்னொருதரம் விட்டேன். அது வகுப்பறைக் குரல். கடைசி வாங்கு வரை போகும்.

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பரம் அண்ணை என் சேலையைப் பிடித்து இழுத்தார். "தங்கச்சி, உமக்கென்ன விசரோ? சபையில வைச்சு மனுசனை..."

"அண்ணை, கூவடியுங்கோ. அவருக்கு வேண்டியது அதுதான். இல்லாட்டி அந்த மனுசனை ராசாவாக்கிப்போடுவாள்."

"ராசாவாக்கினால் நல்லதுதானே?"

"அண்ணை, நான் பிறகு விளங்கப்படுத்திறன். இப்ப அடியுங்கோ."

பரம் அண்ணை என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். டாக்டராவதற்கு முன்னம் அவர் கல்லூரிக் கிரிக்கெட் மைதானத்தின் மதிலில் இருந்து எதிரணிக்குக் கூவடிப்பதில் பேர்போனவர். எழும்பினார், கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், இரண்டு கையையும் வாயில் குவித்து விட்டாரே ஒரு கூ. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு அவருடைய மனைவி. பிறகு காஞ்சிபுரச் சேலைகள் இரண்டு வரிசையும். கட்லட் வாய்க்குள் இருந்தவர்கள் விழுங்கிவிட்டு அடித்தார்கள்.

தொப்பிக்காரி எங்களைப் பார்த்தாள். இந்த மனுசனின் சொந்தச் சனமே கத்துகிறதே என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிள்ளையின் வாயிலிருந்து கையை எடுத்தாள். பிள்ளை இதற்காகவே பிறந்ததுபோலக் கத்தியது. பின்னால் ஒன்று, பக்கத்தில் பத்து, கடைசியில் மண்டபம் முழுக்கப் 'பூ'வும் 'கூ'வும் கலந்து கூரையைத் தூக்கியது.

இவர் மேடையில் ஒரு முழம் வளர்ந்தார். அப்படி ஒரு ஆனந்தத்தை வெறுப்பு முகத்துக்குள் அடக்கி வைத்திருந்த மனுசனை நான் அன்றுதான் பார்த்தேன். மேடை விளிம்புக்கு வந்து, முஷ்டியை என் பக்கம் நீட்டி, வசனத்தில் இல்லாத ஒரு வசனத்தைத் தமிழில் உறுமினார்: "வீட்டை வாரும், பாப்பம்."

எங்கள் இரண்டு வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஏதோ பயங்கரச் சாபம் என்று நினைத்து இரண்டு மடங்கு கத்தினார்கள். தபால்காரன் கிரீடத்தைக் கொண்டுபோய் ராசா வேசக்காரரிடமே கொடுத்துவிட்டான். ராசகுமாரிக்குப் பின்னால் இவர் பதுங்கியபோது, உனக்குப் பின்னால் என்று கத்திய சத்தத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குரலும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுமதி கதிரைக்கு மேல் ஏறி நின்றாள்.

முடிந்து வெளியே வரும்போது கேரன் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "யுவர் டாட் இஸ் ஹொரிபிள்."

"ஐ நோ" என்றாள் என் மகள். பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவள்போலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கட்லட் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

6

அந்த ஆசிரியை அன்றும் வந்திருந்தார், கடைசி வரிசையில் இருந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். இந்த முறை நல்ல குத்தாக நாலு வரி விழும் என்று இவர் புதன்கிழமைக்குக் காத்திருந்தார். பத்திரிகை வரவில்லை. நத்தாருக்கு மூடினால் அவர்கள் ஜனவரிக் கடைசியில்தான் திறப்பார்களாம். அதற்குள் ஆர் நாடகத்தை நினைத்திருக்கப் போகிறார்கள். ஒரு மனுசன் ஒருநாள் பின்னேரம் உண்மையாகவே கெட்டவனாக இருந்ததற்கு எழுத்தில் ஒரு சாட்சியும் இல்லை. அவர் தபால் பெட்டியை இரண்டுதரம் திறந்து பார்த்தார்.

லீவு முடிந்து கந்தோர் தொடங்கியது. முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"என்ன, ஓடி வந்தனீங்களோ?" என்றேன்.

ரயில் நிலையத்து வாசலில் டிக்கெட் பார்க்கிற மனுசன் ஒருவர் இருக்கிறார். நாங்கள் இங்கே வந்த நாள் முதல் இவர் அந்த வாசலால்தான் போய்வருகிறார். அவர் டிக்கெட்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்த்ததில்லை. அன்று இவர் டிக்கெட்டை நீட்டினாராம். அந்த மனுசன் அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாராம். கண்ணுக்குள் பார்த்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காமல், வாயை மட்டும் குவித்து "பூ..." என்றாராம்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"முறைச்சுப் பாத்தனான்" என்றார் இவர். அந்த மந்திரி முறைப்பை எனக்கும் ஒருதரம் முறைத்துக் காட்டினார். "நாளைக்கும் இந்த வாசலாலதான் வருவன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."